ருக்மிணி அக்காவின் தம்பிகள்

ருக்மிணி அக்கா அவள் பெற்றோருக்கு ஒரே பெண். கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை என்று சொல்லிக்கொள்ளக்கூட ஆள் இல்லை. ஆனால் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்குச் செக்கிங் வரும் இன்ஸ்பெக்டரின் ரிஜிஸ்டரில் அவளுக்குத் தம்பிகள் வரிசையாக இருந்தார்கள். எழுபத்திரண்டில் ஒரு தம்பி, எழுபத்து நான்கில் ஒரு தம்பி, அப்புறம் இரண்டு இரண்டாகத் தம்பிகள். அந்த வரிசையில் முதலாவது நான். என் பெயர் பாலசுப்ரமணியம். என் அப்பா விழுப்புரத்துக்காரர், அக்காவின் அப்பா மாயவரத்துக்காரர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது.

இதை ஏதோ பெரிய மோசடி என்று எண்ணி யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் காலத்து டில்லியில் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் முன்னறையை ஓர் ஆளுக்கு வாடகைக்கு விடுவது ஊரறிந்த விஷயம். சட்டப்படி அது குற்றம். பிடிபட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். ஆனால் நெருங்கிய உறவினர் தங்கலாம் என்று அதே சட்டம் சொல்லியது. ஆகவே மதராஸிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய ஒவ்வொரு பிரம்மச்சாரி குமாஸ்தாவும் பெட்டியைக் கீழே வைக்கும்போதே யாருக்காவது மருமானாகவோ மைத்துனனாகவோ ஆகிவிடுவான். சொந்த ஊரில் பங்காளியோடு பேசாதவர்கள்கூட இங்கே வந்து தாராளமாக உறவு கொண்டாடினார்கள்.

அக்காவின் கணவர் வெங்கடேஸ்வரனை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே அவரை அத்திம்பேர் என்று சொல்லிப் பழகிவிட்டேன். அறுபத்தொன்பதில் ஒரு ஜூன் மாதக் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே மாரடைத்துப் போனாராம். அப்போது ஜலஜாவுக்குப் பத்து, பதினோரு வயது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் பெண்ணை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடும்படி புத்தி சொன்னார்கள். "ஊர்ல யார் இருக்கா?" என்று அக்கா கேட்டாள். பிறகு அத்திம்பேர் வேலை பார்த்த ஆபீஸிலேயே அவளுக்கு டைப் அடிக்கும் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த வேலையின் பேரில் அதே வீடு அவளிடம் நின்றது. இரண்டு அறை, ஒரு வராந்தா, பின்பக்கம் குழாயோடு ஒரு முற்றம். அந்த வீட்டைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை. இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நான் பெட்டியோடு போய் நின்ற அன்றைக்கே அக்கா சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டாள்.

"மாமின்னு கூப்பிடப்படாது. அக்கான்னுதான் கூப்பிடணும். செக்கிங் வர அன்னிக்கு மட்டும் அக்கான்னா வாய் குளறும். இன்னிலேருந்தே ஆரம்பிச்சுடு."

"சரி மாமி."

"பாத்தியா! இதுக்குத்தான் சொல்றேன்."

இரண்டாவது சட்டம் அடுப்பைப் பற்றியது. "தனியா ஸ்டவ் வாங்கி வெச்சுக்கறேன்னு கிளம்பாதே. அந்த மனுஷன் நேரே சமையல் ரூம்லதான் நுழைவான். ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு குடித்தனம்னு எழுதிண்டு போயிடுவான். ஒரே அடுப்புன்னாதான் ஒரே குடும்பம்."

இப்படியாக அவள் கையால் சாப்பிடும்படி ஆயிற்று. அக்காவின் சமையல் சுமார்தான். ரசம் நன்றாக இருக்கும். மற்றதைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை. வாய் மட்டும் அவளுக்குக் காரம். ஊருக்குக் கடிதாசு போடவில்லையென்றால் திட்டுவாள், கம்பளிச் சட்டை போடாமல் கிளம்பினால் திட்டுவாள், சாதத்தைக் கையால் அளைந்தால் திட்டுவாள். எழுபத்து நான்கில் வந்து சேர்ந்த வேணு மஞ்சள் காமாலையில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே லீவு போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். நோயாளிக்கு என்ன உறவு என்று நர்ஸ் கேட்டதற்கு யோசிக்காமல் "அக்கா" என்றாள். அங்கே செக்கிங் ஒன்றும் இல்லை.

ஜலஜாவுக்கு நாங்கள் எல்லாரும் மாமாக்கள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. "பாலு மாமா, ஜல்தி! எனக்கு ஸ்கூலுக்கு டைம் ஆச்சு," என்று பாத்ரூம் கதவைத் தட்டுகிற குரலில்தான் எனக்குப் பொழுது விடியும்.

பக்கத்து வீட்டுச் சுதேஷ் ராணியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். லாகூர்ப் பக்கத்துப் பஞ்சாபிக்காரி. கணவருக்கு ரயில்வேயில் வேலை, பிள்ளைகள் கிடையாது. அக்காவைவிட ஐந்தாறு வயது பெரியவள். குளிர்காலத்தில் இரண்டு பேரும் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்கள். சுவருக்கு மேலாக இங்கிருந்து இட்லி போகும், அங்கிருந்து சாக் என்கிற கீரை மசியல் வரும். அக்காவின் ஹிந்தி படுமோசம். இருந்தாலும் அவர்களுக்குள் பேச்சு ஓய்ந்து நான் பார்த்ததில்லை. ஹிந்தியில் பேசியதையெல்லாம் நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கு உபகாரமாக இருக்கும்.

எங்கள் பிளாக்குக்கு வருஷா வருஷம் வந்த இன்ஸ்பெக்டர் ஒருவரேதான். மலைப் பிரதேசத்துக்காரர், ஒல்லி, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார். அவருக்கு ஒரு பழக்கம். வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு பக்கத்து வீட்டில் போய் விசாரிப்பார். பக்கத்து வீடு சொல்வதைத்தான் எழுதுவார். எழுபத்து நான்கில் வந்தபோது என்னையும் வேணுவையும் காட்டி, "தம்பிகள்" என்றாள் அக்கா. அவர் சுதேஷ் ராணியிடம் போனார்.

"இவங்க ரெண்டு பேரும் அவங்களுக்குத் தம்பிங்களா, பெஹன்ஜி?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"ராக்கி கட்டிப் பாத்திருக்கீங்களா?"

"நான் பாக்கலை. மதராசிகளுக்கு அதெல்லாம் உண்டோ இல்லையோ, எனக்கென்ன தெரியும்?"

"தம்பிக்கு ராக்கி கட்டாத அக்காவா?" என்று தொண்டையைச் செருமினார். ஒன்றும் எழுதவில்லை, மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா அன்று முழுவதும் யாரையும் திட்டவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் ஆவணி அவிட்டம். நமக்குப் பூணூல் மாற்றும் அதே பௌர்ணமியில்தான் அவர்களுக்கு ராக்கிப் பண்டிகை. நானும் வேணுவும் சரோஜினி நகர்ப் பிள்ளையார் கோவிலில் புதுப் பூணூல் போட்டுக்கொண்டு வந்தோம். வாசல் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் குங்குமம், பர்ஃபி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு ராக்கிகள். பொன் காகிதப் பூ வைத்து, பஞ்சு ஒட்டி, குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தன.

"கையை நீட்டுங்கோடா," என்றாள் எங்களிடம். பிறகு அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி உரக்க ஹிந்தியில் ஆசீர்வாதம் பண்ணினாள்.

சுதேஷ் ராணி ஓடி வந்தாள். இடது கையில் கட்டப் போன அக்காவை அதட்டி வலது கையில் கட்டச் சொன்னாள். எங்கள் தலையில் கைக்குட்டையைப் போட்டாள். குங்குமத்தின் மேல் அரிசி ஒட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். நாற்பத்தேழில் லாகூர் ஸ்டேஷன் கூட்டத்தில் அவள் தம்பி ஓமி கைநழுவிப் போனான். அவனுக்குப் பதினாலு வயது. செத்துப்போனான் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் வருஷா வருஷம் ஒரு ராக்கி வாங்குகிறாள். கட்டக் கை இல்லாததால் கிருஷ்ணர் படத்தில் சுற்றி வைக்கிறாள்.

அன்று முதல் அவள் எங்களுக்குப் பெரிய சாட்சி. இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவாள்: "சொந்தத் தம்பிங்கதான். கண்ணால பாத்தேன். எழுதிக்கோ." ராக்கிப் பண்டிகை தவறாமல் பர்ஃபியோடு வந்து நின்று பார்ப்பாள். சில வருஷம் எங்களுக்கான ராக்கியை அவளே வாங்கி வருவாள்.

இதில் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. சாயங்காலமானதும் அக்கா எங்களை உட்காரவைத்து ராக்கிகளை முடிச்சவிழ்த்துக் கழற்றிவிடுவாள். "இதைக் கட்டிண்டா ஆபீஸ் போகப்போறேள்? கொடு இப்படி. அடுத்த வருஷத்துக்கு ஆகும்." ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, சமையலறை அலமாரியில் புளிப்பானைக்குப் பின்னால் வைப்பாள். அடுத்த ஆவணியில் அதே ராக்கிகள் நீவி விடப்பட்டு மறுபடி தட்டுக்கு வரும். ஆட்கள் மாறினார்கள், நூல் மாறவில்லை. எங்களில் ஒருவனுக்கும் இதில் தப்பு தெரியவில்லை. காரியம் முடிந்தால் கழற்றி வைக்க வேண்டியதுதானே என்றுதான் நினைத்தோம்.

எழுபத்தாறில் எனக்குக் கல்யாணமாகிக் கோல் மார்க்கெட்டில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வேணு கரோல் பாகுக்குப் போனான். முன்னறையில் வேறு பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். எழுபத்தொன்பதில் பட்டாபி வந்தான். திருநெல்வேலிப் பையன், ஆடிட் ஆபீஸில் வேலை. சாதுவாக இருப்பவன். சாதுக்களை நம்பக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

ஜலஜா அப்போது படிப்பை முடித்து ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்று சொன்னேன் அல்லவா? வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் பட்டாபி அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். முற்றத்தில் அவள் பட்டாணி உரிப்பாள், அவன் படிப்பான். ரசமான இடம் வந்ததும் நிறுத்தி மீதியை நாளைக்கு என்பான். சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு நாள் பொறிதட்டியது. அந்தத் தொடர்கதை முற்றும் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. பையன் தானாகவே இட்டுக்கட்டிப் படித்துக்கொண்டிருக்கிறான்!

"ஏண்டா பட்டாபி, கதாநாயகிக்குத்தான் கல்யாணம் ஆயிடுத்தே. இன்னும் என்னடா படிக்கறே?" என்று கரண்டியோடு வந்து நின்றாள்.

பட்டாபி எழுந்து நின்றான். ஜலஜாதான் பேசினாள். "அம்மா, நான் பட்டாபி மாமாவையே பண்ணிக்கறேன்."

கோத்திரம் வேறு, ஜாதகம் பொருந்தியது, பையனின் பெற்றோர் சம்மதித்துக் கடிதம் போட்டார்கள். மாமா என்று கூப்பிட்டவனையே கட்டிக்கொள்வதில் எங்கள் யாருக்கும் ஒரு உறுத்தலும் இல்லை. நிஜ மாமனாகவே இருந்தாலும் நமக்கு அது முறைதானே? எண்பத்திரண்டு மாசியில் குவார்ட்டர்ஸ் முன்னால் இருக்கும் புல்வெளியில் ஷாமியானாப் பந்தல் போட்டுக் கல்யாணம் என்று முடிவாயிற்று.

பத்திரிகை வைக்கப் போகும்போது கூட ஒரு தம்பி இருந்தால் நன்றாக இருக்கும் என்று அக்கா என்னை வரவழைத்தாள். முதல் அழைப்பே பக்கத்து வீட்டுக்கு. சுதேஷ் ராணி பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"பையன் யாரு?"

"பட்டாபிதான்."

"எந்தப் பட்டாபி?"

"நம்ம பட்டாபி. முன்ரூம் பட்டாபி."

சுதேஷ் ராணியின் கை அக்காவின் தோளிலிருந்து இறங்கியது. "உன் தம்பியா?"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் பெரிய தப்பு. "ஐயோ, நிஜத் தம்பி இல்லை பெஹன்ஜி! செக்கிங்குக்காகச் சொன்னது. எல்லாரும் சொல்றதுதானே."

"நீ அவனுக்கு ராக்கி கட்டினே. நான் பக்கத்துல நின்னேன்."

"அதுவும் செக்கிங்குக்குத்தான்," என்றாள் அக்கா. அதோடு விட்டிருக்கலாம். சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, சொந்தத் தம்பியாகவே இருந்தாலும் எங்கள் பக்கத்தில் மாமன் கட்டிக்கொள்ளலாம் என்றாள். சுதேஷ் ராணி காதைப் பொத்திக்கொண்டாள். நான் அக்காவின் புடவைத் தலைப்பை இழுத்தேன். அவளுக்கு அது உறைக்கவில்லை.

"கட்டின ராக்கியெல்லாம் எங்கே? தண்ணியிலே விட்டியா?" என்று சுதேஷ் ராணி கேட்டாள். கட்டிய ராக்கியை ஓடும் தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

அக்கா தன் வீட்டுச் சமையலறைக்குப் போய் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். பத்திரமாக வைத்திருக்கிறேன் பார் என்கிற முகத்தோடுதான் கொடுத்தாள். அவளுக்குச் சூது தெரியாது, அதுதான் அவளுடைய கஷ்டமே. சுதேஷ் ராணி மூடியைத் திறந்தாள். நசுங்கிப்போன காகிதப் பூக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். வெள்ளி ஜரிகை வைத்த ஒன்றை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இது நான் வாங்கினது."

அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது.

"எனக்கு ஒருத்தன் இருந்தான். அவனைத் தொலைச்சுட்டு இன்னிவரை ஒரு கை கிடைக்காம நிக்கிறேன். உனக்கு ஒருத்தனும் கிடையாது. இத்தனை பேரைப் பண்ணிக்கிட்டே, பண்ணி பாட்டில்ல போட்டு மூடி வெச்சிருக்கே." சுதேஷ் ராணி கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "இத்தனை வருஷம் என்னைப் பொய் சொல்ல வெச்சிருக்கே. இனிமே அந்த ஆள் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது."

பாட்டிலை அக்கா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பத்திரிகை முற்றத்துக் கட்டிலிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வீடு போச்சுடா பாலு."

"அவ அப்படியெல்லாம் சொல்ல மாட்டாக்கா."

"சொன்னா என்னடா தப்பு? அவ பக்கம்தான் நியாயம். நான் வெறும் நூலுன்னு நெனச்சுட்டேன்."

ஒருத்தி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் பதின்மூன்று வருஷமாகக் கட்டிக்காத்த வீடு போய்விடும், அதுவும் பெண்ணின் கல்யாண சமயத்தில். உடனே வேறு அறை பார்த்துப் போய்விடுகிறேன் என்றான் பட்டாபி. மலை மந்திர் முருகன் கோவிலில் ஐந்து பேர் முன்னால் தாலி கட்டிவிடலாம் என்று வேணு யோசனை சொன்னான். அக்கா எதற்கும் இசையவில்லை. "ஜலஜா பொறந்த வீடு இது. இருக்கற வரைக்கும் இருக்கட்டும், இங்கேதான் நடக்கும்," என்றாள். சுவருக்கு மேலாக இட்லி போவதும் சாக் வருவதும் நின்றது. பால் பூத்தில் எதிர்ப்பட்டால் சுதேஷ் ராணி வேறு பக்கம் பார்த்தாள். அக்கா வணக்கம் சொல்வாள், பதில் வராது. மறுநாளும் சொல்வாள்.

கல்யாணத்தன்று காலையில் வெயில் நன்றாக இருந்தது. திருநெல்வேலியிலிருந்து பட்டாபியின் பெற்றோர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஹிந்தி ஒரு வார்த்தையும் தெரியாததால் அவர்களுக்குப் பொய் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலை மிச்சம். மாலை மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வாட்டசாட்டமான ஆள். பட்டாபியை அனாயாசமாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சாஸ்திரிகள் இந்தப் பக்கம் திரும்பினார்.

"பொண்ணோட மாமா எங்கே? வரச் சொல்லுங்கோ, தூக்கணும்."

"அவளுக்கு மாமா கிடையாது," என்றாள் அக்கா. "கீழே நின்னே போடட்டும்."

வேணு கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தான். "என்னக்கா, இத்தனை பேர் இருக்கோம், இப்படிச் சொல்லிட்டேள்?" என்று அவன் முன்னால் போனான். நானும் போனேன். முன்னறையில் இருந்துவிட்டுப் போன மற்றப் பழைய ஆட்களும் எழுந்து வந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் தொந்தி விழுந்திருந்தது, எனக்கு முதுகுவலி வேறு. ஜலஜாவும் இலேசான பெண் இல்லை. ஒருவன் தோள், ஒருவன் கை, ஒருவன் பின்னாலிருந்து முட்டுக்கொடுப்பு என்று ஒரு மாதிரி தூக்கினோம். மாலை முதல் தடவை வேணுவின் கழுத்தில் விழுந்தது. "அரே மாமா, ஸீதா, நேரா நில்லுங்கோ!" என்று மேலேயிருந்து கத்தினாள் ஜலஜா. மூன்றாவது தடவை சரியாகப் பட்டாபியின் கழுத்தில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஷாமியானா ஓரத்தில் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். பிளாக் முழுவதும் செக்கிங் வந்தவர், கூட்டத்தைப் பார்த்து இங்கே வந்துவிட்டார். ஜலஜாவை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நீ முதல் ஆள். நீ மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தே. நீ, கண்ணாடி போடாம இருந்தே." அவருக்கு ஞாபகசக்தி அதிகம், என்ன செய்வது? "ருக்மிணிஜி, தனித்தனியா எழுதும்போது தெரியலை. உங்களுக்கு இத்தனை தம்பிங்களா?"

"ஆமாம் ஜி," என்றாள் அக்கா.

"சரி. மாப்பிள்ளை யாரு? அவரையும் தம்பின்னு எழுதின ஞாபகம்."

நாதஸ்வரக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அதனால் இந்தப் பேச்சு எல்லாருக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு வாசற்படியில் சுதேஷ் ராணி நின்றிருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் நின்றாள், உள்ளேயும் போகவில்லை, பந்தலுக்கும் வரவில்லை. அக்கா அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்ன பொய்தான். அதை இன்னொரு முறை சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்துக்குப் போதும். அவள் சொல்லவில்லை.

"நான் சொல்றதை எழுத வேண்டாம். அவங்களைக் கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ, அதையே எழுதுங்க," என்றாள்.

இன்ஸ்பெக்டர் தம் வழக்கப்படி பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பினார். சுதேஷ் ராணி துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். எங்கள் முன்னால் வந்து நின்று எங்கள் வெறும் மணிக்கட்டுகளைப் பார்த்தாள். பிறகு முகங்களைப் பார்த்தாள்.

"இவனுக்கு ராக்கி கட்டினதை நான் பாத்தேன். இவனுக்கும் பாத்தேன். எல்லாருக்கும் பாத்தேன்," என்றாள். "அதை விடு. இன்னிக்கு இவங்க வந்து பொண்ணைத் தோள்ல தூக்கினதை நீயும்தானே பாத்தே? தம்பின்னா வரணும். வந்திருக்காங்க. இதுக்கு மேல உனக்கு என்ன எழுதணும்?"

"மாப்பிள்ளை?"

"அவங்க ஊர்ல மாமன் கட்டிக்குவானாம். எனக்கு அருவருப்பா இருக்கு. ஆனா அவங்க வழக்கம் அது. அதையும் எழுதிக்கோ."

இன்ஸ்பெக்டர் ஒன்றும் எழுதவில்லை. ரிஜிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. வீடு நின்றது. சுதேஷ் ராணி சாப்பிட வரவில்லை. அக்கா இலை போட்டு ஆள் அனுப்பினாள், கதவு திறக்கவில்லை.

விருந்தாளிகள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் அவள் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "பாட்டிலை எடுத்துக்கிட்டு வா," என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் பஸ் பிடித்து யமுனைக்குப் போனார்கள். பழைய பாலத்தருகே பாட்டிலைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டார்களாம். போகும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் அவளே டிக்கெட் வாங்கினாள் என்றும் அக்கா எனக்குச் சொன்னாள். டிக்கெட் விஷயத்தை இரண்டு தடவை சொன்னாள்.

அதற்கப்புறம் அக்கா முன்னறைக்கு ஆள் வைக்கவில்லை. ஜலஜாவும் பட்டாபியும் லோதி காலனியில் குடித்தனம் போனார்கள். அந்த வருஷம் ஆவணி அவிட்டத்துக்கு எங்கள் எல்லாருக்கும் ஆபீஸுக்குப் போன் வந்தது. "கோவில்லேருந்து நேரே இங்கே வாங்கோடா," என்றாள் அக்கா. இனிமேல் காட்டுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று ஒருவனும் கேட்கவில்லை. போனோம்.

வாசல் கதவு சாதாரணமாகச் சாத்தியிருந்தது. உள்ளே தட்டில் புது ராக்கிகள், எல்லாம் அன்றைக்கு வாங்கியவை. அக்கா வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். வலது கை, தலையில் கைக்குட்டை, குங்குமத்தின் மேல் அரிசி. ஒன்றையும் மறக்கவில்லை. பட்டாபி ஜலஜாவோடு சுவரோரமாக நின்று வேடிக்கை பார்த்தான். மாப்பிள்ளை ஆன பிறகு அவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

சுதேஷ் ராணி பர்ஃபித் தட்டோடு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படியை அவள் தாண்டியது அன்றைக்குத்தான். தட்டைக் கீழே வைத்தாள். உள்ளங்கையில் ஒரு ராக்கி இருந்தது. நேராகப் பட்டாபியிடம் போனாள்.

"கையை நீட்டு."

அவன் அக்காவைப் பார்த்தான்.

"அவளை என்ன பாக்கறே? அவ உனக்கு மாமியார் ஆயிட்டா. இனிமே அவ கட்டக் கூடாது." தன் துப்பட்டா நுனியை எடுத்து அவன் தலையில் போட்டாள். வலது கையைப் பிடித்து முடிச்சுப் போட்டாள். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவை இறுகியது. "சாயங்காலம் கழட்டினேன்னா பாரு," என்றாள்.

பட்டாபி கழற்றவில்லை. நானும் கழற்றவில்லை. மறுநாள் அந்தக் காகிதப் பூவோடேயே ஆபீஸுக்குப் போனேன், செக்‌ஷனில் சிரித்தார்கள். சாயங்காலம் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்த குடையை எடுக்கப் போனபோது, சுதேஷ் ராணி கூப்பிட்டு டீ கொடுத்தாள். அவள் அறையில் கிருஷ்ணர் படம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் அந்த வருஷம் ராக்கி இல்லை.